நூற்றெட்டுத் தாரைக்குக் கீழே ஓர் ஊர்

முதல் நாள்: போகராவிலிருந்து ஜோம்சோம்

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சாளக்கிராமம் சேவிக்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் நேபாளத்தில் இருப்பது இந்த ஒன்றுதான். முக்திநாத் என்றால் எல்லோருக்கும் தெரியும். போன வைகாசியில்தான் அதற்கு வேளை வந்தது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் செயலர். பதினெட்டு வருஷமாக வீட்டு வரி, குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, கிராம சபை என்றே பொழுது போகிறது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்த்த கையோடு தண்ணீர்த் தொட்டி எங்கே என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பயணத்திலும் அப்படித்தான் ஆனது. ஆகவே இதில் கோயில் கொஞ்சம், ஊர் நிறைய இருக்கும்.

விடியற்காலை போகராவில் ஜீப் ஏறினோம். பேனி தாண்டியதும் காளி கண்டகி பக்கத்திலேயே வருகிறது. தாதோபானி, காசா வரைக்கும் பச்சை மலை, அருவி, சேறு. அப்புறம் சட்டென்று மரம் குறைந்து மலை சாம்பல் நிறமாகி, ஆறு அகலமாய்க் கூழாங்கல்லாய் விரிந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு மேல் ஆற்றோடு எதிர்த்து ஏறும் காற்று ஜீப்பையே அசைக்கிறது. ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டும் வருவது இந்தக் காற்றால்தான்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் சுவரில் நேபாள நாட்காட்டி தொங்கியது. மாதம் ஜேட். நமக்கு வைகாசி. அவர்களுக்கும் சூரிய மாதக் கணக்குதான், ஏறக்குறைய நம்முடைய மாதம் பிறக்கும்போதே அங்கேயும் பிறக்கிறது. அடுத்தது அசார், நமக்கு ஆனி. அதற்கடுத்தது ஸ்ராவண், நமக்கு ஆடி. நேபாள அரசின் நிதியாண்டே ஸ்ராவண் ஒன்றாம் தேதிதான் தொடங்குகிறது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கிற நாளில் அங்கே புது பட்ஜெட் அமலுக்கு வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "நல்ல நாள்தானே" என்றார்.

வழியெல்லாம் ஊர் எல்லையில் வரவேற்பு வளைவுகள். ஒவ்வொன்றிலும் 'காவுன்பாலிகா' என்று எழுதியிருந்தது. மும்பைப் பக்கம் பிவண்டியில் நாலு வருஷம் வேலை பார்த்ததில் வந்த இந்தி எழுத்து இங்கே கைகொடுத்தது. காவுன் என்றால் கிராமம், பாலிகா என்றால் ஆளும் மன்றம். கிராமப்புற நகராட்சி என்று வைத்துக்கொள்ளலாம். 2015-இல் வந்த அரசியலமைப்பின்படி நேபாளம் முழுக்க 753 உள்ளாட்சிகள். அதில் 460 காவுன்பாலிகாக்கள். முஸ்தாங் மாவட்டத்தில் ஐந்து உள்ளாட்சிகள், ஐந்துமே காவுன்பாலிகாதான். மாவட்டத் தலைநகரான ஜோம்சோம்கூட ஒரு காவுன்பாலிகாவுக்குள்தான் இருக்கிறது.

இரவு ஜோம்சோமில் தங்கினோம். அம்மாவுக்கு லேசான தலைவலி. பூண்டு சூப் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள்: முக்திநாத்

காலை ஜீப்பில் ராணிபௌவா. அங்கிருந்து கோயிலுக்குப் படி. 3,700 மீட்டருக்கு மேலே உயரம், பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது. அம்மா குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே ஏறினார்.

சந்நிதிக்குப் பின்னால் அரைவட்டமாக நூற்றெட்டு தாரைகள், ஒவ்வொன்றும் ரிஷப முகம். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. அம்மா எல்லாவற்றிலும் தலையைக் காட்டிவிட்டு வந்தார், உதடு நீலம் பூத்துவிட்டது. உள்ளே பெருமாளுக்குப் பக்கத்தில் இருந்து தீர்த்தம் கொடுத்தவர் ஒரு பௌத்த பிக்குணி. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிக்குணிகள்தான் தலைமுறை தலைமுறையாக இந்தச் சந்நிதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கொஞ்சம் கீழே ஜ்வாலா மாயி கோயிலில் பூமியிலிருந்து வரும் வாயு நீலச் சுடராய் எரிகிறது, அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்.

எங்களோடு வந்த கூட்டத்தில் சிலர் குளித்த ஈரத்துணியை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். பாவம் போய்விடும் என்று நம்பிக்கை. பிளாஸ்டிக் பாட்டிலும் கிடந்தது. நான் எடுத்த வரை எடுத்தேன். இந்த உயரத்திலிருந்து ஒரு சாக்குக் குப்பையைக் கீழே இறக்க என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் சமவெளியில் ஒரு டிராக்டர் டீசலுக்கே நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

கூட்டம் மத்தியானமே ஜோம்சோம் திரும்பிவிட்டது. நான் அம்மாவைக் கெஞ்சி மூன்று நாள் இங்கேயே தங்க வைத்தேன். லாட்ஜ் நடத்துகிற தீதிக்கு (அங்கே அக்காவைத் தீதி என்றுதான் கூப்பிடுகிறார்கள்) நல்ல இந்தி. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து ஸ்வெட்டர் விற்ற குடும்பம். இந்தப் பக்கத்து ஜனங்கள் பலருக்கு அதுதான் பனிக்காலப் பிழைப்பு. அவரிடம் கேட்டேன்: "தீதி, மேலே நூற்றெட்டு தாரையில் விழுகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது?"

அவர் சிரித்தார். "இத்தனை யாத்ரீகர்கள் வந்திருக்கிறார்கள் தம்பி, யாரும் இதைக் கேட்டதில்லை. எங்கள் வயலுக்குத்தான் போகிறது."

மூன்றாம் நாள்: வாய்க்கால்

விடிகாலை தீதியின் அத்தையோடு வயலுக்குப் போனேன். அவருக்கு இந்தி அவ்வளவாக வராது. கையில் குட்டை மண்வெட்டி. வாற்கோதுமைப் பாத்தி, அடுத்து பக்வீட் என்கிற தானியம், அதற்கடுத்து உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஆப்பிள் கன்று. மழையை நம்ப முடியாத பூமி இது. அன்னபூர்ணா மலைத்தொடர் மழையை அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது. பனி உருகி வரும் ஓடையும் ஊற்றும் இல்லாவிட்டால் ஒரு கதிர் கிடையாது.

வாய்க்கால் ஒரு முழ அகலம்தான். மடை என்றால் சிமெண்டு, ஷட்டர் எதுவும் இல்லை, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி இரண்டு, நடுவில் ஒரு தட்டைக் கல். அத்தை குனிந்து கல்லை நகர்த்தினார், மண்கட்டியை எடுத்து எதிர்ப்பக்க வாயில் வைத்து வெறுங்காலால் மிதித்தார். தண்ணீர் ஒரு கணம் நின்றது, பிறகு திரும்பிப் பாத்திக்குள் நுழைந்தது. விரல் இடுக்கில் சேறு, குளிரில் கை சிவந்திருந்தது. பக்கத்துப் பாத்திக்காரர் சூரியன் எதிர்மலையில் எந்தப் பாறையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். தன் முறை எப்போது வரும் என்று அவருக்கு அதுதான் கடிகாரம். எங்கள் தாத்தா காலத்து முறைப்பாசனம் அப்படியே கண்முன் வந்தது. எங்கள் ஊரில் நீராணிக்கம் பார்க்க, அதாவது பாசனத் தண்ணீரைப் பங்கிட்டு விட, ஓர் ஆள் இருந்தார், அவர் போனதோடு அதுவும் போயிற்று.

இங்கே அந்த முறையைக் காப்பது இன்றைக்கும் கிராமத்து முக்கியாதான். முக்கியா என்றால் ஊர்த் தலைவர். தேர்தலில் வருகிறவர் இல்லை, ஊர்க்கூட்டம் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறது. வீட்டுக்கு ஒருவர் கூட்டத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் அபராதம். மேய்ச்சல் நிலம் என்று திறப்பது, வாய்க்கால் தூர் எடுக்க யார் வர வேண்டும், பயிரில் மேய்ந்த மாட்டுக்கு என்ன தண்டம், எல்லாம் அங்கேதான் முடிவாகும். இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் பாரகாவுன், அதாவது பன்னிரண்டு கிராமம். அந்தப் பழைய பெயரும் முக்தி க்ஷேத்திரமும் சேர்ந்ததுதான் இப்போதைய காவுன்பாலிகாவின் பெயர்: வாராகுங் முக்திக்ஷேத்ர காவுன்பாலிகா. முக்திநாத், ஜோங், காக்பேனி, சுசாங் என்று முன்பு தனித்தனியாக இருந்த நாலு கிராம வளர்ச்சிக் குழுக்களை 2017-இல் ஒன்றாக்கினார்கள்.

பரப்பு 886 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 2,330. எங்கள் ஒரு ஊராட்சிக்கே அதைவிட அதிகம். ஐந்து வார்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டுத் தலைவர், நாலு உறுப்பினர். அந்த நாலில் இரண்டு பேர் பெண்கள், அதில் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டம். மேலே ஒரு அத்யக்ஷ், ஓர் உபாத்யக்ஷ், அதாவது தலைவரும் துணைத் தலைவரும். ஆக 27 பேருக்கு ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். கணக்குப் போட்டால் 86 பேருக்கு ஒரு பிரதிநிதி. சென்னையில் முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரு கவுன்சிலர்.

இங்கே கவுன்சிலரைப் பார்க்க மனு எழுத வேண்டாம். மடை திறக்கப் போனால் எதிரே வருவார். எனக்கும் அப்படித்தான் வார்டு உறுப்பினரான ஒரு அம்மாள் அறிமுகமானார். முதுகில் சாணக்கூடை, கழுத்தில் செல்போன். நான் ஊராட்சி செயலர் என்றதும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

"உங்கள் ஊரில் சிபாரிசு யார் கொடுப்பார்கள்?" இதுதான் முதல் கேள்வி.

சிபாரிசு என்றால் வார்டு கொடுக்கும் பரிந்துரைக் கடிதம். குடியுரிமைச் சான்று மாவட்ட நிர்வாக அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும், ஆனால் வார்டு சிபாரிசு இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது. மின் இணைப்பு, நிலம் பெயர் மாற்றம், உறவுமுறைச் சான்று, எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் படி. பிறப்பு, இறப்பு, திருமணம், விவாகரத்து, இடப்பெயர்வு ஐந்தும் வார்டிலேயே பதிவு. குறித்த நாளுக்குள் வந்தால் கட்டணம் இல்லை. நம் ஊரில் இதற்கெல்லாம் வி.ஏ.ஓ., தாசில்தார், இ-சேவை மையம் என்று மூன்று இடம் என்று சொன்னேன். முன்பு அவர்களுக்கும் எதற்கெடுத்தாலும் ஜோம்சோம் நடை, ஒரு நாள் போய்விடும் என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று மனதில் நின்றது. 2002-லிருந்து 2017 வரை பதினைந்து வருஷம் நேபாளத்தில் தேர்ந்தெடுத்த உள்ளாட்சியே கிடையாது. மாவோயிஸ்ட் போர், மன்னராட்சி முடிவு, அரசியலமைப்பு எழுதும் இழுபறி, எல்லாவற்றிலும் உள்ளாட்சித் தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. அதிகாரிதான் எல்லாம். 2017 மே 14-ஆம் தேதி முதல் கட்டத்திலேயே முஸ்தாங்கில் ஓட்டு. "என் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வார்டுத் தலைவர் என்றால் என்ன என்றே அவள் பார்த்ததில்லை" என்றார்.

எங்களுக்கும் 2016-லிருந்து 2019 முடியும் வரை தனி அலுவலர் காலம். மூன்று வருஷத்துக்கே குழாய் ரிப்பேருக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று நான் அலைந்த அலைச்சல் சொல்லி முடியாது. பதினைந்து வருஷம்! அந்தப் பதினைந்து வருஷமும் வாய்க்காலில் தண்ணீர் முறை தவறாமல் ஓடியது முக்கியாக்களால்தான். அதை நினைத்துத்தான் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் அவர்கள் ஊரில் கூட்டம். பஸ்தி பேலா என்கிறார்கள், குடியிருப்பு வாரியாக என்ன வேலை வேண்டும் என்று கேட்கும் கூட்டம். இங்கே சொன்னது வார்டுக்குப் போய், வரிசைப்படுத்தப்பட்டு, அசார் பத்தாம் தேதிக்குள் பட்ஜெட்டாகக் காவுன் சபைக்கு வந்தாக வேண்டும். காற்றுக்கு மறைவாய் ஒரு வெயில் சுவர், அதன் அடியில் முப்பது பேர் இருக்கும். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல். ஒருவர் வாய்க்கால் தலைப்பில் கம்பிவலைக் கல்லணை கேட்டார். ஒருவர் பைப் கேட்டார், குளிரில் வெடிக்காத பைப். பள்ளிக்கூடக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஜனங்கள் போகராவில், காட்மாண்டுவில், நியூயார்க்கில். இந்தப் பாலிகாவில் சில ஊர்களில் மட்டும் பேசுகிற சேகே மொழியைப் பேசுகிறவர்கள் மொத்தமே சுமார் 700 பேர், அதில் ஏறக்குறைய நூறு பேர் நியூயார்க்கில் இருக்கிறார்கள்.

ஒரு பாட்டி மடியில் செல்போனைச் செங்குத்தாய்ப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஓர் இளைஞன், பின்னால் ஜன்னலில் காலை வெளிச்சம். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்ற விதிக்கு அந்த வீட்டின் ஆள் அவன்தானாம். கூட்டம் முடிகிற வரை பாட்டி கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவனும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

நான்காம் நாள்: காக்பேனி

முக்திநாத் ஓடையோடு கீழே இறங்கினால் காக்பேனி, காவுன்பாலிகாவின் மையம். ஓடை இங்கேதான் காளி கண்டகியில் கலக்கிறது. சங்கமம் என்பதால் நம் ஜனங்கள் பிண்டம் போடும் இடம். அம்மா அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். கரையில் உட்கார்ந்து மூன்று உருண்டை பிடித்து, காற்றில் எள் பறக்காமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

இந்த ஓடைதான் 2023 ஆகஸ்ட் 13-ஆம் தேதி மாலை சேறும் கல்லுமாய் வந்து ஊருக்குள் புகுந்தது. மழை காணாத ஊரில் வெள்ளம். வீடுகள், பாலம், லாட்ஜ் என்று இழுத்துக்கொண்டு போனது. சத்தம் கேட்டதுமே ஜனங்கள் மேட்டுக்கு ஓடியதால் உயிர் பிழைத்தார்கள். மண் கூரை வீடுகள் பனிக்காகக் கட்டியவை, மழைக்காக இல்லை. மேலே நான் பார்த்த ஒரு முழ வாய்க்காலும் இந்த வெள்ளமும் ஒரே பள்ளத்தாக்கின் தண்ணீர். கூட்டத்தில் கல்லணை கேட்டவரின் குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று இங்கே நின்றபோதுதான் விளங்கியது.

பாலிகா அலுவலகத்துக்குப் போனேன். வெளிச்சுவரில் நாகரிக் படாபத்ர, அதாவது எந்த வேலைக்கு என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், யார் பொறுப்பு என்ற பலகை. முழுக்க நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்போது முதியோர் உதவித்தொகைக்கு 68 வயது, மாதம் நாலாயிரம் நேபாள ரூபாய் என்று இருந்தது. நம் காசுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.

என்னை அசர வைத்தது நியாயிக் சமிதி, அதாவது பாலிகாவின் நீதிக் குழு. உபாத்யக்ஷ்தான் அதன் ஒருங்கிணைப்பாளர், கூட இரண்டு உறுப்பினர்கள். ஒரு கட்சி இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நாடு முழுக்க உபாத்யக்ஷ்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே கிராமத்து நியாயம் சொல்லும் நாற்காலியிலும் பெண்கள். எங்கள் ஊராட்சித் துணைத் தலைவருக்குக் காசோலையில் இரண்டாவது கையெழுத்து போடுவதுதான் பெரிய அதிகாரம். இங்கே 13 வகை வழக்குகளில் தீர்ப்பே சொல்லலாம், இன்னும் 11 வகையில் சமரசம் செய்து வைக்கலாம். அந்தப் பதின்மூன்றைப் படிக்கப் படிக்க எங்கள் ஊர்த் தெரு மாதிரியே இருந்தது. வரப்புத் தகராறு. வாய்க்கால் தண்ணீர் பங்கு. பயிரை மேய்ந்த மாடு. கொடுக்காத கூலி. பக்கத்து வீட்டுப் பக்கம் ஜன்னல் வைத்தது. தாழ்வாரத் தண்ணீர் அடுத்த வீட்டில் விழுவது. பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளை. தீர்ப்பு பிடிக்காவிட்டால் 35 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தாழ்வாரத் தண்ணீருக்கு ஒரு சட்டப் பிரிவு எழுதியவர் கட்டாயம் கிராமத்தில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு அண்ணன் தம்பி வீடுகள் இந்த ஒரு விஷயத்தில் இருபது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கோர்ட்டுக்குப் போனால் செலவு, போகாவிட்டால் மனக்கசப்பு. நடுவில் ஒரு படி இருந்திருந்தால் அந்த இரண்டு வீட்டுக் கல்யாணத்திலும் நான் சாப்பிட்டிருப்பேன்.

ஊரின் பழைய வாசலில் களிமண்ணால் செய்த காவல் உருவங்கள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முன்பு முக்கியாவாக இருந்தவர். பாலிகா வந்த பிறகு முக்கியாவுக்கு வேலை குறைந்ததா என்று கேட்டேன். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே யோசித்தார். "பாலிகாவிடம் பணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எங்களிடம் வாய்க்கால் எங்கே உடையும் என்ற ஞாபகம் இருக்கிறது. அவர்கள் கேட்டால் நாங்கள் சொல்வோம்" என்றார். கேட்கிறார்களா என்றேன். "வார்டு ஆள் என் அண்ணன் மகன். கேட்காவிட்டால் சாப்பாடு கிடையாது."

ஊரின் வடக்கு முனையில் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் மேல் முஸ்தாங், வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். சுசாங் பக்கம் அதே பாலிகாவின் வார்டுதான், ஆனால் என்னால் அங்கே போக முடியாது. சேகே பேசுகிற ஊர்கள் அந்தப் பக்கம்தான். காற்றில் கண்ணை இடுக்கிக்கொண்டு சிவப்பு மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ராத்திரிக்கு மறுபடி தீதியின் லாட்ஜ்.

ஐந்தாம் நாள்: இறக்கம்

காற்றுக்கு முன்னால் இறங்க வேண்டும் என்று ஐந்தரைக்கே கிளம்பினோம். தீதி அம்மாவுக்கு ஒரு பை உலர்ந்த ஆப்பிள் வைத்துக் கொடுத்தார். அம்மா பதிலுக்குத் தன் குங்குமச்சிமிழையே கொடுத்துவிட்டார். நான் வார்டு அம்மாளிடம் எங்கள் ஊராட்சிப் பதிவேடுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அவர் கேட்டிருந்தார். நியாயிக் சமிதியின் பதின்மூன்று வகையையும் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிராம சபையில் வாசித்துக் காட்டுவேன்.

ராணிபௌவாவுக்குக் கீழே முதல் வளைவில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது. டிரைவர் நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். மேலே பாத்தியிலிருந்து தீதியின் அத்தை வந்தார், தலையில் கம்பளித் துண்டு. கல்லைத் தள்ளி, மண்கட்டியை வைத்து, வெறுங்காலால் மிதித்தார். ரோட்டில் தண்ணீர் நின்றது. ஜீப் தாண்டியதும் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி குனிந்து அந்தக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.